பாசி படிக்கப் போன மருமகள்

கவிப்ரியா குத்தாலத்துப் பெண். அவளுடைய அப்பா அரிசி ஆலையில் சாக்குத் தைத்துப் பிழைத்தவர். கோணி ஊசி விரலில் ஏறிய நாளில்கூட மகளைப் பார்த்து, படித்தது போதும் என்று ஒரு வார்த்தை சொன்னவரில்லை. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. தஞ்சாவூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் சேர்ந்து, விடுதிச் சோற்றைத் தின்று, செடிகொடிப் படிப்பில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டுத்தான் ஊருக்குத் திரும்பினாள். திரும்பிய கையோடு கல்யாணம். நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் தங்கையன் என்கிற விவசாயியின் மகன் ராம்கிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ராம்கிக்குச் சிங்கப்பூரில் கட்டட வேலை. வருவான், போவான். ஒரு பெண் குழந்தை பிறந்தது. குந்தவை என்று பேர் வைத்தார்கள். அது இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

இவள் கதை இதோடு முடிந்தது என்றுதான் ஊர் நினைத்தது. எங்கே முடிகிறது? வயலுக்குப் போனால் எல்லோரும் பயிரைப் பார்ப்பார்கள், இவள் பயிருக்கு நடுவே நிற்கிற தண்ணீரைப் பார்ப்பாள். அதில் படர்கிற பாசியில் நெல்லுக்குச் சத்துக் கொடுக்கிற பாசி ஒன்று இருக்கிறதாம். அது எந்த மண்ணில் வளர்கிறது, எதனால் சாகிறது என்று ஆராய்ச்சி பண்ணி டாக்டர் பட்டம் வாங்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஜன்னல் ஓரத்தில் பாட்டில் பாட்டிலாக வயல் தண்ணீர் வைத்திருந்தாள். தங்கையன் அதைப் பார்த்து, "ஊர்ல பாசிய வாரிப் போட ஆள் தேடுறாங்க, என் மருமக அதப் படிக்க ஆள் தேடுறா" என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார். மாமியார் தங்கமணி சிரிக்க மாட்டாள். பாட்டிலை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் ஊறுகாய் ஜாடியை வைப்பாள். கவிப்ரியா ஜாடியை நகர்த்திவிட்டுப் பாட்டிலை வைப்பாள். இப்படியே வருஷங்கள் ஓடின.

அப்போதுதான் கல்லூரியிலிருந்து அந்தச் செய்தி வந்தது. தன்னிடம் படித்துப் போன பெண்களில், மேலே படிக்க வீட்டில் வசதியில்லாத ஒருத்திக்கு வருஷா வருஷம் கல்லூரியே படிப்புச் செலவையும் மாதச் சம்பளம் மாதிரி ஒரு தொகையையும் கொடுக்கும். ஃபெல்லோஷிப் என்று அதற்குப் பேர். வயது வரம்பு உண்டு. கவிப்ரியாவுக்கு அடுத்த வருஷம் அது தாண்டிவிடும். ஆக, இப்போது கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வீட்டு நிலைமையை உள்ளது உள்ளபடி எழுதச் சொன்னார்கள். அவளும் எழுதினாள். மாமனாருக்குச் சொந்த நிலம் கிடையாது, சென்னையில் இருக்கிற கல்யாணம் என்பவரின் வயலைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிறார், ராம்கி அனுப்புகிற பணம் அவன் சிங்கப்பூர் போக வாங்கிய கடனுக்கே சரியாகிறது என்று ஒளிக்காமல் எழுதினாள். எழுதியதில் ஒரு பொய் இருந்தாலும் பேரை அடித்துவிடுவார்கள் என்பது கல்லூரியின் சட்டம்.

கடைசியில் இரண்டே பேர் நின்றார்கள். இவள் ஒருத்தி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் இன்னொருத்தி. யாருக்குக் கொடுப்பது என்று முடிவு பண்ணக் கல்லூரியிலிருந்து வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள் என்று போன் வந்தது.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. வீட்டுக்கு வருகிறார்கள் என்ற சொல் காதில் விழுந்ததும் தங்கையனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அதுவரை கேலி பண்ணிய மனுஷன் சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் கூப்பிட்டார். அந்தப் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. பெண் பார்க்கவோ மாப்பிள்ளை வீடு பார்க்கவோ யாராவது வந்தால், வாசலில் அடுத்த வீட்டு வண்டி நிற்கும். குத்தகை நிலம் அன்றைக்கு ஒரு பொழுது சொந்த நிலமாகிவிடும். அதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. வருகிறவர்களும் பாதியைக் கழித்துக்கொண்டுதான் கேட்பார்கள். தங்கையன் பார்த்த விருந்தாளிகள் எல்லாம் சம்பந்தம் பேச வந்தவர்கள்தான். கல்லூரியிலிருந்து வருகிறவர்களும் வீட்டின் தராதரம் பார்த்துத்தான் கொடுப்பார்கள் என்று அவர் நினைத்தார். இல்லாதவளுக்குக் கொடுக்கிற பணம் என்று கவிப்ரியா எத்தனையோ விதமாகச் சொன்னாள். இல்லாத வீட்டை நம்பி எவன் கொடுப்பான் என்று அவர் கேட்டார்.

புரட்டாசி மாதம். நட்ட பயிர் பச்சை பிடித்து நின்ற நேரம். காலையில் கவிப்ரியா வாசலுக்கு வந்தபோது ஹாஜா மைதீனின் டிராக்டர் மாலை போடாத குறையாகக் கழுவித் துடைத்து வீட்டு முன்னால் நின்றது. வாடகைக்கு உழுகிறவர் ஹாஜா மைதீன். அவர் மனைவி லத்தீஃபாவின் ஆரம் தங்கமணியின் கையில் இருந்தது. போட்டுக்கொள் என்று நீட்டினாள்.

"அத்தை, இது கழுத்துல கெடந்தா எனக்கு எதுவும் கெடைக்காது. கொண்டுபோய்க் குடுத்துடுங்க."

"மொட்டைக் கழுத்தோட நிப்பியா? பாக்குறவங்க என்னைத்தான் ஏசுவாங்க."

"ஏசட்டும் அத்தை. நான் போட மாட்டேன்."

தங்கமணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆரத்தை அரிசிப் பானைக்குள் போட்டாள். டிராக்டரை எடுக்கச் சொல்லலாம் என்று மாமனாரைத் தேடினால், அவர் வெள்ளை வேட்டி கட்டி பஸ் நிறுத்தத்துக்கே போய்விட்டிருந்தார்.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மதுரம், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பழைய முதல்வர். நிதானமானவர். இன்னொருவர் மாளவிகா, இளவயதுப் பேராசிரியை, எதையும் வெடுக்கென்று கேட்கிறவர். தங்கையன் அவர்களை ரோட்டு வழியாக அழைத்து வராமல் வாய்க்கால் கரை வழியாக, வயலையெல்லாம் காட்டிக்கொண்டு அழைத்து வந்தார். வரும் வழியில் என்ன பேசினார் என்று கவிப்ரியாவுக்குத் தெரியாது. மாளவிகாவின் முகத்தைப் பார்த்ததும், ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரிந்தது. அவர் டிராக்டரை ஒரு தடவை பார்த்தார், புது வெள்ளையடித்த சுவரை ஒரு தடவை பார்த்தார், பிறகு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை.

"குத்தகை நிலம்னு நீங்க எழுதியிருக்கீங்க" என்றார். "ஐயா வர்ற வழியில எல்லாத்தையும் காட்டி, நம்ம சொந்த நிலம்னு சொன்னாரு. எது உண்மை?"

மாமனார் கவிப்ரியாவுக்குப் பக்கத்திலேயே, மார்பில் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். அவர் சொன்னது பொய் என்றால், வெளியாட்கள் முன்னால், அவர் வீட்டு வாசலிலேயே, மருமகள் அவரைப் பொய்யராக்கினாள் என்றாகும். பேசாமல் இருந்தால் பொய் எழுதியவள் இவள். பேரை அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு எந்த வருஷத்தில் கேட்பது?

மெதுவாக ஒரு வழி பார்த்தாள். மாமா காலகாலமாக அதில்தான் பயிர் வைக்கிறார், அந்த உரிமையில் சொல்லியிருப்பார் என்றாள். தங்கையன் அந்த வழியில் போகவிட்டாரா? மருமகள் தடுமாறுகிறாள், தூக்கிவிடுவோம் என்று நினைத்து, "சொந்தந்தாம்மா. இந்த டிராக்டரும் நம்மளதுதான். கவி கூச்சப்பட்டுக்கிட்டு எழுதாம விட்டுருக்கும்" என்றார்.

மாளவிகா எழுந்தே விட்டார். திருத்துறைப்பூண்டிக்கு நேரமாகிறது, கிளம்பலாம் என்று மதுரத்திடம் சொன்னார்.

கவிப்ரியாவும் எழுந்தாள். அவர்களைப் பார்த்துச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. மாமனாரைப் பார்த்தே சொன்னாள்.

"மாமா, அந்த நிலம் நம்மளது இல்ல. டிராக்டரும் நம்மளது இல்ல. நான் எழுதினதுதான் உண்மை."

அடுப்படி வாசலிலிருந்து தங்கமணி, "கவி" என்று அடிக்குரலில் அதட்டினாள். தங்கையனின் கட்டிய கை தானாக அவிழ்ந்தது. அவர் மருமகளைப் பார்க்கவில்லை. படியிறங்கி வாசல் தென்னையடியில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. போகட்டும், இந்த வீட்டில் இனி ஒரு வாய்ச் சோறு நிம்மதியாகத் தின்ன முடியாது என்று கவிப்ரியா நினைத்துக்கொண்டாள். ஆனாலும் சொன்னதைத் திருப்பி வாங்க அவளுக்குத் தோன்றவில்லை.

மதுரம் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. "ஐயா, கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டார். தங்கையன் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். அவர் வந்து படிக்குக் கீழேயே நின்றார்.

"உங்க மருமக பொய் எழுதியிருக்குன்னு நாங்க முடிவு பண்ணிக்கிட்டுப் போகட்டுமா? நீங்க சொல்லுங்க. அதுதான் எங்களுக்கு வேணும்."

தங்கையன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். அவருடைய வாயிலிருந்து என்ன வரும் என்று கவிப்ரியாவுக்குப் பிடிபடவில்லை. ஆமாம், பொய்தான் எழுதினாள் என்று கோபத்தில் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது.

"அது பொய் சொல்லாது" என்றார் கடைசியில். "நாந்தான் சொன்னேன். வீடு பாக்க வர்றவங்ககிட்ட சொல்றாப்புல சொல்லிப்புட்டேன். கல்யாணம் வீட்டு நிலம் அது. அவரு மகன் ரகுராமனுக்கு வருஷா வருஷம் குத்தகை நெல்லு அளக்குறேன். வேணும்னா அவருக்கே போன் போட்டுக் கேளுங்க."

சொல்லி முடித்துவிட்டு அவர் அங்கே நிற்கவில்லை. வாய்க்கால் பக்கம் நடந்துவிட்டார். மாளவிகா திரும்ப உட்கார்ந்தார். தண்ணீரை எடுத்துக் குடித்தார். பிறகு பாசியைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். அந்தக் கேள்விகளில் இளக்கம் எதுவும் இல்லை. கவிப்ரியா அவர்களை வயலுக்கே கூட்டிக்கொண்டு போனாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, இரண்டு விதப் பாசியை இரண்டு கையில் அள்ளிக் காட்டினாள். குரல் நடுங்கத்தான் செய்தது, பதில் நடுங்கவில்லை. கிளம்பும்போது மதுரம், இன்னொரு வீடும் பார்க்க வேண்டும், எதுவும் சொல்வதற்கில்லை என்று மட்டும் சொன்னார்.

பிறகு வந்த நாட்கள்தான் கொடுமை. தங்கையன் சாப்பிட வருவார், தட்டைப் பார்ப்பார், எழுந்து போவார். டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். அங்கே ஹாஜா மைதீன் எல்லோர் முன்னாலும், "மாமா, என் வண்டிக்கு எப்ப பேரு மாத்துறீங்க?" என்று கேட்டுவிட்டாராம். தங்கமணி மருமகளோடு பேசினாள், ஆனால் பேசியதெல்லாம் குத்தல். படிச்ச பொண்ணுக்கு வீட்டு மானத்தைவிட உண்மைதான் பெருசு என்று முறத்தைப் பார்த்துச் சொல்வாள். ராம்கி போனில், அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுவிடு என்றான். கவிப்ரியா கேட்கவில்லை. தப்பு என்று நினைக்காததற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது? சமைத்தாள், வயலுக்குப் போனாள், அவர் வேட்டியைத் துவைத்து மடித்து வைத்தாள். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

ஒரு மத்தியானம் கல்லூரியிலிருந்து போன் வந்தது. ஃபெல்லோஷிப் அவளுக்குத்தான். போனை வைத்துவிட்டு நேராக வயலுக்குப் போனாள். தங்கையன் மடை அடைத்துக்கொண்டிருந்தார். வரப்பில் நின்று விஷயத்தைச் சொன்னாள். அவர் மண்வெட்டியை நிறுத்தவில்லை. மடையை முழுக்க அடைத்து, காலால் மிதித்து இறுக்கிய பிறகுதான் நிமிர்ந்தார்.

"எப்ப போவணும்?"

"அடுத்த மாசம் மாமா. வாரத்துல நாலு நாள் ரயில்ல போயிட்டு வந்துடுவேன்."

"களையெடுப்பு வருதே."

"ஆள் பேசிட்டேன்."

அவர் கையிலிருந்த சேற்றை வாய்க்கால் தண்ணீரில் கழுவினார். கழுவிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னார்.

"இனிமே காலேஜ்லேருந்து யாரு வந்தாலும் நீயே பேசிக்க. நாலு பேரப் பாத்தா எனக்கு வாய் நீண்டுடுது."

"நீங்களும் பக்கத்துல நில்லுங்க மாமா. கேக்குறதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும்."

"அது எப்படி? வந்தவங்கள வாங்கன்னுகூட கூப்பிடக் கூடாதா?"

"அதக் கூப்பிடலாம்" என்றாள் கவிப்ரியா.

தங்கையன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் முன்னால் நடந்தார். சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது.