இடது பக்கத்துப் பை

தார்ப்பாயை விரித்ததும் அந்த மெழுகு வாடை வந்தது. சிங்காநல்லூர் வீட்டில், மகளின் சைக்கிளுக்குப் பை தைக்க உட்கார்ந்த எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

தொண்ணூறுகளில் நாங்கள் இருந்தது கிணத்துக்கடவுக்குப் பக்கம் ஒரு ஊரில். பள்ளிக்கூடம் போக அப்பாவின் சைக்கிள் கிடைத்ததும், கிழிந்த லாரித் தார்ப்பாயை வெட்டி, கேரியரின் இரண்டு பக்கமும் தொங்கும்படி கையாலேயே பை தைத்தேன். அதற்குமுன் ஒரு பித்தான்கூடத் தைத்ததில்லை. தையல் கோணல்தான், ஆனாலும் ஒரு பையில் புத்தகமும் இன்னொன்றில் சோற்றுத் தூக்குப்போசியும் அடங்கின.

அப்பா சைக்கிளைத் தள்ளிப் பார்த்தார். "இடது பக்கம் கால்ல இடிக்குதே கண்ணு."

"ஓட்டறப்ப இடிக்காதுங்கப்பா."

"ஊர்க்காரங்க வீதீல எறங்கித் தள்ளீட்டுத்தான போகோணும்?"

மேல்சாதிக்காரர்கள் குடியிருந்த அந்த வீதியில் எங்கள் சாதியில் யாரும் சைக்கிளில் ஏறிப் போகக் கூடாது. அப்பா பிளேடால் என் தையலைப் பிரித்து, இடது பையைப் பாதியாக ஒடுக்கினார். தூக்குப்போசி அதற்குள் போகவில்லை. ஏன் ஒரு பை மட்டும் சிறுசு என்று யாராவது கேட்டால், "தைக்கத் தெரியலைன்னு சொல்லீரு" என்றார். அப்படியே சொன்னேன். எனக்குத் தைக்கத் தெரிந்திருந்தது. அந்தப் பொய்யை நினைத்தால்தான் இன்னும் கோபம் வருகிறது.

இன்றைக்கு இரண்டு பையையும் ஒரே அகலத்தில் தைத்து மாட்டிவிட்டேன். மகள் சைக்கிளை வாசல்வரை தள்ளிக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, இடது பக்கம் கால்ல இடிக்குது."

"தள்ளாத கண்ணு. ஏறி ஓட்டு."