பெத்திக்கின் பதினேழாவது வாகையாளர்

கிளைவ் ராட்னி பெத்திக், பிறப்பு 1951, வயது எழுபத்து நான்கு, ஆடுகளத்தின் பக்கவாட்டில் மடக்கு நாற்காலியை விரித்து, அதன் நான்கு கால்களும் தரையில் சமமாகப் பதிந்தனவா என்று அசைத்துப் பார்த்துவிட்டு அமர்கிறார். பென்சிலின் முனையை நாக்கில் தொட்டுக்கொள்கிறார். எதிரே ஆடிக்கொண்டிருக்கும் பதின்மூன்று வயதுப் பெண்ணிடம், "ரெடின்னா கிளம்பலாம்" என்கிறார். அந்தப் பெண் அதற்குள் இரண்டு கேம் ஆடி முடித்திருப்பாள். அது அவருக்கு ஒரு பொருட்டன்று. அவர் சொன்ன பிறகுதான் தேர்வு தொடங்குகிறது.

ஆட்டர்கோம்ப் என்னும் எங்கள் கடலோரச் சிற்றூரில் 1977 முதல் 2008 வரை, முப்பத்தோராண்டுகள், வாகன ஓட்டுநர் உரிமத்துக்கான தேர்வாளராக இருந்தவர் அவர். ஏறத்தாழ இருபதாயிரம் பேரைத் தோற்கடித்திருக்கிறார். எந்த டென்னிஸ் வீரருக்கும் வாய்க்காத எண்ணிக்கை அது. ஓய்வு பெற்ற மறு இளவேனிலில் எங்கள் டென்னிஸ் மன்றத்தில் சேர்ந்தார். மட்டையை இதுவரை தொட்டதில்லை. அட்டைப் பலகையில் செருகிய தேர்வுத் தாளோடு வந்தார்; அந்தத் தாளை வைத்தே நாட்டின் இளம் வீராங்கனைகளுடைய எதிர்காலத்தைக் கணித்து வருகிறார்.

தாள் பழைய தாள்தான். தலைப்பை மட்டும் மாற்றியிருக்கிறார். சிறு பிழை பதினைந்துவரை பொறுத்துக்கொள்ளப்படும். பெரும்பிழை ஒன்று போதும், கதை முடிந்தது. 'தயக்கமான திருப்பம்', 'போதிய காரணமின்றி நிறுத்தல்', 'பின்புறம் கவனியாது முன்னேறுதல்' என்ற கட்டங்களில் பெண்களின் பேக்ஹேண்டும் சர்வீஸும் ஓட்டமும் குறுக்குக் கோடுகளாக விழுகின்றன. பெயர், முகம், புள்ளிக்கணக்கு ஆகிய மூன்றையும் அவர் அறிய மறுக்கிறார். எந்தக் களத்தில் யார் என்று முன்கூட்டி வரும் தகவலை வைத்துப் பெயரைக் கடைசியில்தான் தாளில் சேர்ப்பார்.

"பேரு தெரிஞ்சா பாசம் வந்துடும். முகம் பாத்தா இரக்கம் வந்துடும். ஸ்கோர் பாத்தா மூளையே போயிடும்" என்பார். ஆட்டத்தில் வென்றவளை எப்படி ஐயா நீக்கினீர்கள் என்று கேட்டால் அதற்கும் விடை உண்டு. "வண்டி வீடு வந்து சேந்துச்சாங்கறது என் கேள்வி இல்லப்பா. கண்ணாடி பாத்தாளாங்கறதுதான்."

ஆண்டுக்கு ஒரு பெண்ணை அவர் தேர்ந்தெடுக்கிறார். அவள் விம்பிள்டன் கோப்பையைத் தூக்கப்போகும் ஆண்டையும் குறிக்கிறார். அந்த ஆண்டு எப்போதும் ஏழெட்டு ஆண்டுகள் தள்ளியே இருக்கும். கேட்டவர் மறக்கவும் சொன்னவர் மறுக்கவும் போதிய இடைவெளி. மன்றத்தின் செய்தித்தாளில் 2009 முதல் இவ்வாறு அச்சானவர்கள் பதினாறு பேர். அவர்களுள் முதலாமவரான ஃபிலிப்பா கார்ஸ்டாங், 2016இல் உலகை வெல்லவேண்டியவர், அந்த ஆண்டு வீடுகளுக்குக் கண்ணாடி அறை கட்டித்தரும் நிறுவனத்தில் விலைப்பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தார். ரோசலிண்ட் ட்யூக் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு உதவித்தொகையில் ஆடப் போனார். ஆட்டம் அங்கேயே தங்கிவிட்டது, அவரும் தங்கிவிட்டார். பீட்ரிக்ஸ் ஹாலம் தோள்பட்டை பழுதாகி, இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். பதினாறு பேரில் பெத்திக் இன்றும் மதித்துப் பேசுவது அவர் ஒருவரிடம்தான்.

இதற்காகப் பெத்திக்கை மட்டும் நகைப்பது நீதியன்று. நாடே அவருடைய முறையைத்தான் கையாள்கிறது. ஒவ்வொரு ஜூன் மாதக் கடைசியிலும் ஏதோ ஒரு பெண் முதற்சுற்றில் வென்றால் போதும். மறுநாள் நாளேடுகள் அவள் படித்த பள்ளியையும் வளர்க்கும் நாயின் பெயரையும் அச்சிடுகின்றன. இரண்டாவது புதன்கிழமைக்குள் அவள் தோற்றிருப்பாள்; அதே பக்கத்தில் வானிலை அறிக்கை வருகிறது. செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தப் பெண் எங்கே ஆடுவாள், தலைக்கு மேல் கூரை உண்டா என்று எவரும் கேட்பதில்லை.

எங்கள் மாவட்டத்தில் அப்படி ஒரே ஒரு கூரைதான் உண்டு. அக்டோபர் வந்ததும் இரண்டு ஆடுகளங்களின்மீது காற்றடைத்த பெருங்கூடாரம் ஒன்றை எழுப்புவார்கள். ஊரார் அதைக் குமிழி என்பர். பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்களுக்கு அதில் ஆறு இடங்கள். சென்ற செப்டம்பரில் ஐந்து நிரம்பிவிட்டன. ஆறாவது இடத்தை மாவட்டக் குழு பெத்திக்கின் அறிக்கைக்கு விட்டுவைத்திருந்தது. அவர்மீது பெரிய நம்பிக்கை என்பதில்லை. செப்டம்பர் மழையில் போய் உட்கார அவரைத் தவிர ஆளில்லை. குழுவினர் அந்த அறிக்கையின் கடைசி வரியை மட்டும் படிப்பார்கள்.

அந்த இடத்துக்கு இருவர் போட்டி. ஒருத்தி கெசியா போல்; தாயார் டான் போல் பேருந்து ஓட்டுநர். மற்றவள் கால்நடை மருத்துவர் ஒருவரின் மகள் டாம்சின் வாஸ். இருவருக்கும் வயது பதின்மூன்று. இருவரும் நெட்டை, இருவருக்கும் குதிரைவால் முடி, மன்றம் தந்த அதே நீலச் சட்டை. செப்டம்பர் பதின்மூன்றாம் தேதி, சனிக்கிழமை, இருவரும் வெவ்வேறு எதிராளிகளோடு ஆடவேண்டும்: கெசியா நான்காம் களத்தில், டாம்சின் இரண்டாம் களத்தில். பதினொன்று இருபதுக்கு மழை வந்தது. பெத்திக் தம் காருக்குள் போய், குடுவையிலிருந்து தேநீர் ஊற்றி, பாலாடைக்கட்டியும் ஊறுகாயும் வைத்த ரொட்டியைத் தின்றபடி குறுக்கெழுத்துப் புதிர் போட்டார். மழை விட்டதும், நான்காம் களத்தின் ஒரு மூலையில் நீர் தேங்கியதால், நடுவர் பெண்களைக் களம் மாற்றினார். பெயர்ச்சீட்டுகளை மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் இடம் மாற்றி மாட்டியது நான்தான். அப்போது மணி பன்னிரண்டு ஐந்து. மூலை காய்ந்ததும் நான்காம் களத்தில் டாம்சின் ஆடினாள், இரண்டாம் களத்தில் கெசியா. பெத்திக் காரிலிருந்து இறங்கி வந்து, நான்காம் களத்தின் ஓரத்தில் நாற்காலியை விரித்து, தம் கணக்குப்படி ஒரு மணி நேரம் கெசியாவுக்குத் தேர்வு வைத்தார். பிறகு இரண்டாம் களத்துக்குப் போய், அதே கணக்குப்படி, டாம்சினுக்குத் தேர்வு வைத்தார்.

வியாழக்கிழமை மாலை, மன்றத்தில் தேநீரும் எலுமிச்சைக் கேக்கும் நடுவில், அறிக்கையை அவரே எழுந்து நின்று படித்தார்.

"தேர்வர், கெசியா போல். இரண்டாம் சர்வீஸ் வலையில் விழுந்தது, பதினொரு முறை. அழுகை, ஒருமுறை, போதிய காரணமின்றி. பரிந்துரை: இல்லை. தேர்வர், டாம்சின் வாஸ். வலையோரம் மெல்ல விழும் டிராப் ஷாட், அடுத்தடுத்து மூன்று, மூன்றும் கண்ணாடி பார்த்து ஆடியவை. சிறு பிழை இரண்டு. பரிந்துரை: உண்டு. ஆண்டு: 2033."

கைதட்டல் எழுந்தது. டாம்சின் வாய் நிறையக் கேக்கோடு சிரித்துவிட்டாள்.

"அது நான் இல்ல மிஸ்டர் பெத்திக். எனக்கு டிராப் ஷாட்டே வராது. நெட்ல போட்டு அழுதேனே, அதுதான் நான்."

இங்கிலாந்தில் இத்தகைய தருணத்தில் என்ன செய்யவேண்டும் என்பதற்கு ஒரு மரபு உண்டு. யாரோ எழுந்து, இன்னும் தேநீர் யாருக்கு வேண்டும் என்று கேட்டார்கள். அனைவரும் வேண்டும் என்றார்கள். டான் போல் மட்டும் கோப்பையைக் கீழே வைத்தார். பேருந்துச் சீருடையிலேயே வந்திருந்தார்.

"என்ன மிஸ்டர் பெத்திக், பொண்ணு மாறிப்போச்சா?"

"நாலாம் கோர்ட்டுனு எனக்குத் தகவல்."

"மழைக்கப்புறம் மாத்தினாங்களே."

"என்கிட்ட யாரும் தெரிவிக்கல."

"பலகைல போட்டிருந்துச்சு."

"நான் பலகை பாக்கறதில்லம்மா. பலகைல பேரு இருக்கும்."

"சரி, தெரிஞ்சுபோச்சுல்ல. மாத்தி எழுதிடுங்க."

பெத்திக் தாளை மடித்தார். "எழுதின முடிவ நான் மாத்தினதே இல்ல. மறுதேர்வு கேக்கலாம். பத்து வேலை நாள் கழிச்சு."

"திங்கக்கிழமை மத்தியானம் பன்னெண்டுக்கு லிஸ்ட் மூடுது."

"அது அவங்க விதி. இது என் விதி."

"உங்க விதி எனக்குத் தெரியும். தொண்ணூத்தொம்பதுல என்னை மூணு தடவை ஃபெயில் பண்ணது யாரு? இப்ப அறுபது பேர ஏத்திக்கிட்டு தினம் உங்க வீட்டு வாசல் வழியாத்தான் போறேன். ஒருநாளாவது உங்க சுவத்துல இடிச்சேனா?"

"மூணாவது தடவை," என்றார் பெத்திக், "பின்னால பாக்காம ரிவர்ஸ் எடுத்தீங்க." இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் நடந்த அந்தப் பிழை அவருக்கு நினைவிருந்தது. ஐந்து நாள்களுக்கு முன் ஒரு மணி நேரம் பார்த்த பெண் யார் என்பதுதான் தெரியவில்லை.

அரங்கில் சிலர் கூரையைப் பார்த்தார்கள். டானின் குரல் தாழ்ந்தது.

"எனக்கு 2033 வேணாம் மிஸ்டர் பெத்திக். விம்பிள்டனும் வேணாம், நீங்களே வச்சுக்கோங்க. மார்ச் வரைக்கும் இவ தலைக்கு மேல ஒரு கூரை வேணும். அவ்ளோதான் கேக்கறேன்."

"விடும்மா," என்றாள் பக்கத்தில் அமர்ந்திருந்த கெசியா. "போன வருஷம் மாதிரி சூப்பர்மார்க்கெட் கார் பார்க்ல ஆடிக்கறேன். கீழ்த்தளத்துல மழை வராது. செக்யூரிட்டி அண்ணன் எட்டு மணிக்குத்தான் துரத்துவாரு."

சொன்னதில் குறையோ முறையீடோ இல்லை. ஒரு பேருந்தின் நேரத்தைச் சொல்வதுபோல் சொன்னாள். டாம்சின் தன் தட்டிலிருந்த மீதிக் கேக்கை அவள் தட்டுக்கு நகர்த்தினாள். பெத்திக் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். வாசலில், "அவ்ளோதாங்க, டெஸ்ட் முடிஞ்சது" என்றார். வழக்கத்தால் சொன்னாரா, சினத்தால் சொன்னாரா என்பது விளங்கவில்லை.

ஞாயிறு மாலை என் வீட்டு மணி ஒலித்தது. பெத்திக் நின்றார். உள்ளே வரவில்லை.

"பதின்மூணாந்தேதி மழை எத்தனை மணிக்கு வந்துச்சு?"

"பதினொன்னு இருபது."

"உறுதியா?"

"குறிச்சு வச்சிருக்கேன்."

"அப்ப நீங்க சாட்சி. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

குழுவுக்கு அவர் எழுதிய கடிதம் அது. அதில் வருத்தம் என்ற சொல் இல்லை, தவறு என்ற சொல்லும் இல்லை. செப்டம்பர் 13 அன்று பெய்த மழையின் விளைவாகத் தேர்வர் இருவரின் பெயர்கள் இடம்பெயர்ந்தன என்றும், முடிவுகளில் எம்மாற்றமும் இல்லை என்றும், பெயர்கள் மட்டும் தத்தம் இடத்துக்குத் திரும்புகின்றன என்றும் கண்டிருந்தது. முப்பத்தோராண்டு அரசுப் பணி வீண் போகவில்லை. நான் கையெழுத்திட்டேன்; மழை பெய்தது உண்மைதானே.

திங்கட்கிழமை பதினொன்று நாற்பதுக்கு அவரே காரில் போய்க் கடிதத்தைக் குழுச் செயலாளரின் கையில் கொடுத்தார். ஒரு கேள்வியும் எழவில்லை. ஆள் மாறிவிட்டது என்று எழுதியிருந்தால் விசாரணை, துணைக்குழு, மூன்று மாதம் என்று போயிருக்கும். மழை என்றதும் இந்நாட்டில் எவரும் மேற்கொண்டு கேட்பதில்லை. மாலைக்குள் விடை வந்தது. "மழை குறித்து வருந்துகிறோம். ஆறாவது இடம், கெசியா போல்."

"அப்பாடா, 2033 போச்சு" என்று டாம்சின் அடுத்த வாரமே நீச்சல் வகுப்பில் சேர்ந்தாள். பெத்திக்கோ எதுவும் நேராததுபோல் நடமாடினார். "நான் முதல்லேந்தே அந்த டிராப் ஷாட் பொண்ணைத்தான் சொன்னேன். எழுத்துல இருக்கு. மழைதான் நடுவுல கொஞ்சம் குழப்பிடுச்சு" என்று மன்றத்தில் மூவரிடம் சொன்னதை நான் கேட்டேன். நான்காமவராக என்னிடமும் சொன்னார், அந்தக் கடிதத்தில் என் கையெழுத்து இருப்பது நினைவில்லாமல். செய்தித்தாளில் பதினேழாவது வாகையாளராகக் கெசியாவின் பெயர் வந்தது. டான் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, "என் பொண்ணு பல் டாக்டர் ஆவணும்னு சொல்லிக்கிட்டிருக்கா, இவரு கிட்ட யாரும் சொல்லிடாதீங்க" என்றார்.

குமிழி எழுந்த முதல் நாள் காலையில் கடற்காற்று வலுத்திருந்தது. கூடாரத்தின் உள்ளே அடைத்த காற்று கதவை வெளியே தள்ளும்; வெளிக்காற்று அதை உள்ளே அறையும்; பெரியவர்களே தோள் கொடுத்துத்தான் நுழைவார்கள். கெசியா இரு கைகளிலும் பைகளோடு வந்தாள். பின்னால் டான். பெத்திக் கதவருகே நின்றிருந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் மிஸ்டர் பெத்திக்" என்றார் டான்.

"காத்து ஜாஸ்தியா இருக்கு" என்றார் அவர்.

கதவை இழுத்துத் திறந்து முதுகை அதன்மீது சாய்த்து நின்றார். உள்ளிருந்து சீறிய காற்றில் அவருடைய தொப்பி எகிறி, ஈரப் புல்லில் உருண்டு, கார்கள் நிற்கும் இடத்தை நோக்கி ஓடியது. அவர் அதன் பக்கம் திரும்பவில்லை. கெசியா முதல் பையை உள்ளே வைத்து, திரும்பி வந்து, இரண்டாவதை எடுத்து, அவிழ்ந்த காலணிக் கயிற்றை நிதானமாகக் கட்டி முடித்து உள்ளே போகும்வரை, வெறுந்தலையோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று 2025 அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை.