தண்ணி கேட்ட சீலிங்

கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் அப்படியே படித்துக்கொள்ளுங்கள். ஆனால் நடந்தது நடந்ததுதான். ரகுபதிக்கு இல்லாததைக் கட்டிப் பேச வராது. லீவு கேட்கக்கூட ஒழுங்காகப் பொய் சொல்லத் தெரியாத ஆள். இதை அவனே என்னிடம் சொன்னான்.

தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்கா பக்கத்துச் சந்து ஒன்றில் பழைய கடைவீடு. துணி வியாபாரி அப்துல் கையூமுடையது. மாடி அறையைப் புதுப்பிக்கும் வேலைக்கு ரகுபதிதான் சூப்பர்வைசர். சீலிங் பலகைகளைப் பார்த்ததுமே அவனுக்குச் சந்தேகம். பழைய காலத்துப் பலகை, ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூள் நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. பல வருஷம் கழித்து ஆளையே கொண்டுபோய்விடும். சோதனைக்கு ஒரு துண்டு எடுத்துப் போயிருந்தார்கள். திங்கட்கிழமை முடிவு வரும்வரை யாரும் கைவைக்கக் கூடாது.

சனிக்கிழமை கையூம் போன் செய்தார்.

"ரகு, ஏர்கான் மாட்டுற ஆள் நாளைக்கு வர்றான். ஒரே ஒரு பலகைதானே லா, கழட்டி வைங்க."

"ரிசல்ட் வரட்டுமே பாய்..."

"ஒரு பலகையில என்ன ஆயிடப் போவுது?"

ரகுபதியால் மறுக்க முடியவில்லை. தன் கீழே வேலை பார்க்கும் அங்கமுத்துவைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனான். அங்கமுத்து அடுத்த மாதம் ஊருக்குப் போய், பிறந்த மகளை முதல்முறையாகப் பார்க்கப் போகிறவன்.

மாலை நாலே கால். வெளியே நல்ல வெயில். கீழே கடைப் பாட்டு, ஹார்ன், சனிக்கிழமைக் கூட்டம். அங்கமுத்து முகத்தில் சாதாரணத் துணி மாஸ்க். ஏணியில் ஏறி, பலகை விளிம்பில் ஸ்க்ரூ டிரைவரை நுழைத்தான்.

மேலே... கர்ர்... கர்ர்...

ரம்பம் அறுக்கும் சத்தம்.

"மேல யாருண்ணே வேல பாக்குறது?"

மேலே யாரும் இருக்க முடியாது. சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவே ஒரு முழம்கூட இடமில்லை.

சத்தம் நின்றது. ஒரு இருமல். வறட்டு இருமல். பிறகு, அந்தப் பலகைக்கு நேர் மேலே...

"தண்ணி..."

அங்கமுத்து சிரித்தான். அவனுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்புதான். "சனிக்கிழமை தேக்காவுல ரோட்டுல தண்ணி அடிச்சா போலீஸ் புடிக்கும்னு சொல்லுங்கண்ணே!"

"தண்ணி... தண்ணி..."

இந்த முறை அவன் சிரிக்கவில்லை. மளமளவென்று இறங்கிவிட்டான்.

ரகுபதி மேலே பார்த்தான். தாகம் போலிருக்கிறது என்று நினைத்தான். கேட்பது எதுவானாலும் தண்ணீர் இல்லை என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. தன் பாட்டிலைத் திறந்து ஏணியின் மேல்படியில் வைத்தான்.

கீழே பாட்டு நின்றிருந்தது. எப்போது நின்றது? ஹார்ன் இல்லை. பேச்சுச் சத்தமும் இல்லை.

பாட்டிலில் தண்ணீர் குறைந்தது.

யாரும் தொடவில்லை...

பாதி...

காலி.

தரையில் ஒரு சொட்டு இல்லை. அங்கமுத்து மேலே கை காட்டினான். ஸ்க்ரூ டிரைவர் செருகிய அந்த ஒரு பலகை மட்டும்... நனைந்து கறுத்திருந்தது.

"தண்ணி..."

காதுக்குப் பக்கத்தில்.

ஓடினார்கள்.

ஏர்கான் ஆளை வர வேண்டாம் என்று ரகுபதியே நிறுத்திவிட்டான். திங்கட்கிழமை முடிவு வந்தது. ஆஸ்பெஸ்டாஸ்தான். அதை அகற்ற உரிமம் உள்ள ஆட்கள் வெள்ளை உடையில் வந்தார்கள். ரகுபதியும் கையூமும் வாசலில் நின்றார்கள். வந்த ஆட்களின் தலைவர் கதிரேசன் மாடிப்படியில் கால் வைத்ததும் சத்தம் போட்டார்.

"தண்ணி!"

ரகுபதி ஓரடி பின்வாங்கினான்.

"எதுக்குண்ணே தண்ணி?"

"காஞ்ச பலகையத் தொட்டா தூள் பறக்கும் தம்பி. நனைச்சிட்டுத்தான் கைய வைக்கணும்."

மேலே போனவர் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். "ஸ்க்ரூ டிரைவர் செருகியிருக்கே, அந்தப் பலகை மட்டும் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. யாரு நனைச்சது? நல்ல காரியம் செஞ்சாங்க. காஞ்சிருந்தா தூள் பூரா நெம்புனவன் மூஞ்சியிலதான் கொட்டியிருக்கும்."

ரகுபதி கையூமைத் தனியே கூட்டிப் போனான். சனிக்கிழமை நடந்ததைச் சொன்னான். கையூம் முகம் வெளுத்துப்போயிற்று. தூணைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த சீலிங்கப் போட்டது ராமலிங்கம்னு ஒருத்தரு. எங்க வாப்பா காலத்துல. எல்லாப் பலகையையும் அந்த ரூம்லயே, காஞ்சது காஞ்சபடி ரம்பத்தால அறுத்தாரு. கடைசியில நுரையீரல் கெட்டுத்தான் இறந்தாரு. நான் ஆஸ்பத்திரிக்குப் பாக்கப் போனேன். தண்ணி, தண்ணின்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு."

"குடுத்தீங்களா பாய்?"

"குடுத்தா தள்ளி விடுவாரு. குடிக்க அவரு வாய் தெறக்கவே இல்ல ரகு. வெரல மேல நீட்டி... வார்டு சீலிங்கத்தான் காட்டிக்கிட்டே இருந்தாரு."