தனக்கொடி அக்கா வாங்கித் தந்த ஐந்து மணி ஆட்டம்

தனக்கொடி அக்கா போய்விட்டார் என்ற செய்தி எனக்குக் குரல் பதிவாக வந்தது. பாப்பாவுக்குப் பருப்புச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். அனுப்பியவர் லட்சுமி அக்கா. தனக்கொடி அக்காவோடு வருஷக்கணக்காக ஒரே வரிசையில் நின்று நாற்று நட்டவர். "டீச்சர், நம்ம அக்கா காலையில வயலுக்குக் கிளம்பறப்ப நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்துச்சு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. ஞாயித்துக்கிழமை மேட்ச் உண்டா இல்லையா, சொல்லுங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

நம் ஆதரவாளர் குழுவில் அக்காவைப் பற்றி நீங்கள் எல்லோரும் எழுதி முடித்துவிட்டீர்கள். நான் தாமதமாகத்தான் எழுதுகிறேன். பாப்பாவுக்குக் காய்ச்சல் என்பது ஒரு காரணம். எனக்கு அவள் ஒரு தும்மல் போட்டாலே மற்ற வேலை ஓடாது என்பது உங்களுக்குத் தெரியும். இன்னொரு காரணம், இந்தத் திடலில் அக்காவோடு அதிகம் சண்டை போட்டவள் நான்தான். சண்டை போட்டவள் எதை முதலில் எழுதுவது என்று தெரியவில்லை.

முதல் சண்டையிலிருந்தே தொடங்குகிறேன்.

பெண்கள் கால்பந்து லீக் நம் ஊருக்கு வந்த முதல் வருஷம். என் தங்கை ஆர்த்திதான் அணித் தலைவி. முதல் இரண்டு ஆட்டங்களுக்கும் வந்த கூட்டம் எப்படிப்பட்டது என்று நினைவிருக்கும். ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்களை விடக் கால்சட்டையைப் பார்க்க வந்தவர்கள் அதிகம். சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் நின்றுகொண்டு அவர்கள் பேசிய பேச்சை நான் எழுத மாட்டேன். என் தங்கையின் காதில் விழுந்துவிடுமோ என்று அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது பாப்பா வயிற்றில் இருந்தாள். வீட்டுக்குப் போய் ஒரு போர்டு எழுதினேன். "வீராங்கனைகளைப் பற்றி யாரும் எதுவும் பேச வேண்டாம். கைதட்டி ஊக்கப்படுத்தவும்." அடுத்த ஞாயிறு நுழைவாயிலில் மாட்டினோம். உள்ளூர்ப் பெரியவர்கள் சிலர் பக்கத்தில் நின்று மிரட்டவும் செய்தார்கள். கெட்ட பேச்சு நின்றது.

கூடவே எல்லாப் பேச்சும் நின்றது. நாம் கோல் போட்டாலும் கைதட்டல், வாங்கினாலும் அதே கைதட்டல். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் சின்னப் பிள்ளைகள் வசனத்தை மறந்துவிட்டால் தட்டுவோமே, அதே மாதிரி. எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதிக்குள்தான் அக்கா வந்தார். குறுவை நடவு நேரம். திடலுக்குப் பின்னால் இருக்கும் வயலில் நட்டுவிட்டு, குழாயில் கால் கழுவ வந்த பெண்கள் அப்படியே வேலியோரம் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் நம் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி எதிரணிப் பெண் பந்தோடு ஓடி கோல் போட்டாள். எல்லோரும் வழக்கம்போலக் கைதட்டினோம். மூன்று வயல் தாண்டிக் கேட்கிற ஒரு குரல் எழுந்தது.

"ஏய், நாலு பேரும் என்னடி பண்றீங்க? வரிசையா நிக்கத் தெரியாதா? நடுவுல ஒரு மாட்டு வண்டியே போகும்போல சந்து விட்டுருக்கீங்க!"

நான் எழுந்து ஓடினேன். நிறைமாதத்தில் எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு. "அம்மா, போர்டைப் பாருங்க, திட்டக் கூடாது" என்றேன்.

"நீங்க எழுதினதா?"

"ஆமாங்க."

"டீச்சரா?"

"இல்லைங்க."

"போர்டு எழுதினா டீச்சர்தான். டீச்சர், எங்க வரிசையில ஒருத்தி சந்து விட்டு நட்டா நான் திட்டுவேன். நீங்க வந்து கை தட்டுவீங்களா?"

அன்றிலிருந்து அவருக்கு நான் டீச்சர் ஆனேன். கடைசிவரை மாற்ற முடியவில்லை.

ஆட்டம் முடிந்ததும் ஆர்த்தியிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில், "அடுத்த வாரம் அந்த அம்மா வராம பாத்துக்கறேன்" என்றேன். அவள் ஷூவைக் கழற்றிக்கொண்டே நிமிர்ந்தாள். "பைத்தியமா உனக்கு? இத்தனை பேர் வந்ததுல அவங்க ஒருத்தர்தான் ஆட்டத்தைப் பாத்திருக்காங்க. எங்க கோச் அரை மணி நேரமா சொன்னதை ஒரே வரியில சொல்லிட்டாங்க. போய் அடுத்த வாரமும் வரச் சொல்லு."

அக்கா வந்தார். தனியாக இல்லை. நடவுப் பெண்கள் அத்தனை பேரையும் ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். "உங்க பொண்ணு ஆடுதா?" என்று கேட்காத ஆள் இல்லை. டீக்கடைக்காரரும் கேட்டார். அவருக்கு அக்கா சொன்ன பதில் இன்றும் அந்தக் கடையில் சொல்லிச் சிரிக்கப்படுகிறது. "ஆம்பளைங்க மேட்ச்சுக்கு வர்ற அத்தனை பேரும் அவனுங்களுக்கு அப்பனா? நான் மேட்ச் பாக்க வந்தேன். டீயப் போடுங்க."

அவரைத் தெய்வமாக்கி எழுத மாட்டேன். ஒரு தடவை அவரும் தப்புச் செய்தார். மயிலாடுதுறை அணியில் ஒரு பெண், குழந்தை பெற்றுச் சில மாதங்களில் திரும்ப ஆட வந்திருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு பந்தைத் தவறவிட்டாள். அக்கா உற்சாகத்தில், "புள்ளையப் பெத்துட்டு வீட்டுல கெடக்காம ஏன்டி வந்தே!" என்று கத்திவிட்டார். நம் பக்கம் எல்லோரும் சிரித்தார்கள். என் மடியில் பாப்பா, மூன்று மாதம். அந்த ஆட்டத்துக்கு வருவதற்கே வீட்டில் எத்தனை பேருக்குப் பதில் சொல்லிவிட்டு வந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

"அக்கா, அதை என்னைப் பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார். ஆட்டம் முடியும்வரை நம் பெண்களை மட்டுமே திட்டினார். அப்புறம் எழுந்து நேராக மயிலாடுதுறைக்காரர்களின் வேனுக்குப் போனார். நான் பயந்துபோய்ப் பின்னால் போனேன். ஜன்னலோரம் இருந்த அந்தப் பெண்ணிடம், "எம்மா, பந்த விட்டதுக்குத் திட்டினது திட்டினதுதான். அதுல மாத்தம் இல்ல. புள்ளைய இழுத்துப் பேசினது என் தப்பு" என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "அடுத்த தடவை நான் கோல் போடறப்பவும் வந்து திட்டுங்கக்கா."

"போடு, வர்றேன்."

திரும்பி நடக்கும்போது என்னிடம் சொன்னார்: "ஆட்டத்தத் திட்டணும் டீச்சர். ஆளத் திட்டக் கூடாது. அந்தப் போர்ட இப்படி மாத்தி எழுதுங்க." எழுதினேன். இப்போது நுழைவாயிலில் இருப்பது அதுதான். அது என் வாசகம் என்று நினைத்து என்னைப் பாராட்டியவர்களுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி ஐந்து மணி ஆட்டத்துக்கு வருகிறேன்.

நம் பெண்களுக்குத் திடல் கிடைத்த நேரம் மதியம் இரண்டு மணி. ஐந்து மணி ஆண்களுக்கு. இரண்டு மணி வெயிலில் ஒருநாள் நம் கோல்கீப்பர் சுருண்டு விழுந்தாள். அடுத்த வாரம் எதிரணியில் ஒருத்தி. நான் ஒவ்வொரு ஞாயிறும் ஆர்த்திக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலந்து எடுத்துக்கொண்டு போய், அவள் முகம் சிவப்பதையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஆட்டம் எங்கே பார்த்தேன்? திடல் கமிட்டியிடம் மனுக் கொடுத்தோம். கமிட்டித் தலைவர் நல்ல மனிதர்தான். "நேரத்த மாத்தறதுல ஒண்ணுமில்லம்மா. பொண்ணுங்க ஆட்டத்துக்குப் பாவம்னு வருவாங்க, ஒரு அரை மணி நேரம் உக்காருவாங்க, எழுந்து போயிடுவாங்க. அஞ்சு மணிங்கறது கூட்டம் நிக்கிற ஆட்டத்துக்கு" என்றார்.

அக்கா சேற்றுக் காலோடு வாசலில் நின்றிருந்தார். அங்கிருந்தே பேசினார். "ஐயா, நாங்களே ரெண்டு மணிக்கு வயல விட்டு ஏறிடறோம். வெயிலுக்குப் பயந்து. அந்த நேரத்துல இந்தப் புள்ளைங்கள நீங்க உள்ள எறக்கி விடறீங்க."

தலைவர் மேஜையிலிருந்த ஆட்டப் பட்டியலைப் புரட்டினார். பிறகு ஒரு ஞாயிறு தருகிறேன் என்றார். வேதாரண்யம் அணியோடு ஆட்டம். ஐந்து மணிக்கு. கடைசி விசில் வரைக்கும் கூட்டம் நின்றால் அந்த நேரம் நமக்கு. கலைந்தால் மறுபடி இரண்டு மணி. அதற்குமேல் யாரும் கேட்கக் கூடாது.

அந்த ஆட்டத்தின் முதல் பாதியில் மூன்று கோல் வாங்கினோம்.

உங்களில் பாதிப் பேர் அன்று அங்கே இருந்தீர்கள். இல்லாதவர்களுக்காக எழுதுகிறேன். இடைவேளை விசில் அடித்ததும் சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் சத்தம் கேட்டது. வண்டிகளைக் கிளப்புகிறார்கள். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் தலைவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் பாப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முடிந்தது என்று நினைத்தேன். போகிறவர்கள் எல்லோரும் அன்பாகவே போனார்கள். "பாவம், பொண்ணுங்க நல்லாத்தான் ஆடுச்சுங்க" என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

அக்கா போய் அந்த வண்டிகளுக்கு நடுவில் நின்றார்.

"எங்க நல்லா ஆடுச்சு? மூணு கோல் வாங்கிட்டு நிக்குதுங்க. நல்லா ஆடுச்சாம்! உங்க வீட்டு நடவுல பாதி வயல் காலியாக் கெடந்தா நல்லா நட்டாங்கன்னு சொல்லிட்டுக் கூலி குடுப்பியா?"

டிராக்டர் ஓட்டுகிற ஒருவர் தன் பைக்கை அணைக்காமலே, "இல்லக்கா, பொண்ணுங்கதானே..." என்றார்.

"அத விடு. யாரு தப்பு? சொல்லு."

"இடது பக்கம் ஆடற பொண்ணு முன்னாடி போவுது, திரும்பி வர மாட்டேங்குது."

"அவ மேல ஏன் சொல்றே?" என்றார் பின்னால் உட்கார்ந்திருந்தவர். "அவ போனா நடுவுல இருக்கறவ எறங்கணும்ல? கேப்டன் என்ன பண்ணுது?"

"கேப்டனச் சொல்லாதீங்க, பந்து குடுக்கறதே அது ஒண்ணுதான்!" இது டீக்கடைக்காரர். கடையை விட்டுவிட்டு வந்திருந்தார்.

அவ்வளவுதான். நம் ஊரில் பேச்சு ஒன்று ஆரம்பித்தால் அதை முடிக்காமல் யாரும் வீட்டுக்குப் போனதில்லை. வண்டியை நிறுத்தினார்கள், ஸ்டாண்டு போட்டார்கள், கையை நீட்டிப் பேசினார்கள். அக்கா ஒவ்வொருவராகப் பிடித்து, "அவன் அப்படிச் சொல்றான், நீ என்ன சொல்றே?" என்று இன்னும் கொளுத்திப் போட்டார். கோட்டோரம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நம் பெண்களுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. இரண்டாம் பாதியில் ஆர்த்தி இறங்கி இடது பக்கத்தை அடைத்தாள். தான் சொன்னதைத்தான் அவள் செய்கிறாள் என்று பத்துப் பேர் மார்தட்டினார்கள். தான் சொன்னது பலிக்கிறதா என்று பார்க்காமல் யார் போவார்?

ஒரு கோல் போட்டோம். இன்னொன்று. கடைசி நிமிஷத்தில் ஆர்த்தி அடித்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. ஒரு திடல் முழுக்கத் தலையில் கைவைத்து அலறியதை என் வாழ்நாளில் முதல் தடவை கேட்டேன். மூன்றுக்கு இரண்டு. தோற்றோம். துண்டை வீசி எறிந்தவர் இருந்தார். ரெஃபரியைக் கேட்ட கேள்விகளைச் சொல்ல முடியாது. அதில் உரத்த குரல் கமிட்டித் தலைவருடையது. கூட்டத்தை எண்ணிப் பார்க்க வந்தவர் எண்ண மறந்துபோய் வேலியின் மேல் ஏறி நின்றிருந்தார்.

ஆர்த்தி முகமெல்லாம் கண்ணீரும் மண்ணுமாக ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, கேட்டியா? எங்களத் திட்டறாங்க! எல்லாரும் திட்டறாங்க!" அப்படி ஒரு சிரிப்பை அவள் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

தலைவர் தொண்டை கட்டிப்போய், "அடுத்த வாரமும் அஞ்சு மணி" என்று மட்டும் சொன்னார். தனக்கொடி அக்கா காதில் வாங்கவில்லை. கம்பத்தில் பட்டதற்கு ஆர்த்தியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மேட்ச் இருந்தது, லட்சுமி அக்கா. நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். ஐந்து மணிக்கு, உட்கார இடம் இல்லாமல். தொடங்குவதற்கு முன் ஒரு நிமிஷம் மௌனம் என்று ரெஃபரி சொன்னதும் நீங்கள்தான் எழுந்தீர்கள். "மௌனமா? அதுக்கா? ஒரு நிமிஷம் அது வாய மூடி இருந்து யாராவது பாத்திருக்கீங்களா?" ரெஃபரி யோசித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். ஒரு நிமிஷம் மொத்தத் திடலும் கத்தியது. சிலர் அவர் பெயரை, சிலர் வெறும் சத்தத்தை. நடவுப் பெண்கள் இன்னும் தொடங்காத ஆட்டத்துக்கு முன்கூட்டியே திட்டித் தீர்த்தார்கள். சத்தம் என்றால் பதறுகிற நான் பாப்பாவின் காதைப் பொத்தப் போனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

அன்று ஜெயித்தோம். இரண்டு கோல் முன்னால் இருந்தபோது ஆர்த்திக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. வானத்துக்கு அடித்தாள். பக்கத்தில் புதிதாக வந்திருந்த ஒரு பெண், நல்ல மனசோடு, "பரவாயில்லங்க, பாவம்" என்று கைதட்டினார். நான் எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. இடுப்பில் குழந்தையோடு, என் சொந்தத் தங்கையைப் பார்த்து, "கண்ணு எங்கடி இருக்கு? கீப்பர் ஒரு பக்கம் விழுந்தாச்சு, தரையோட தட்டியிருந்தா கோலு!" என்று கத்தினேன். ஆர்த்தி குரல் வந்த திசையைத் தேடினாள். என்னைக் கண்டுபிடித்ததும் இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள்.

தனக்கொடி அக்காவிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது அந்தக் கோபம். நம் பெண்களால் முடியும் என்பதில் துளிச் சந்தேகமும் இல்லாதவர்களுக்கு மட்டும் வருகிற கோபம். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.