சுடாத கால்

அண்ணனின் வருஷத் திதிக்குக் கல்லாவியிலிருந்தும் சூளகிரியிலிருந்தும் வந்திருக்கிற உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். நீட்டி எழுத வராது. அண்ணனின் காலை அம்மன் வாங்கிக்கொண்டாள் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. நடந்தது அதுவல்ல. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அண்ணன் கல்லாவியில் பிறந்தார். அவருக்கு மீசை முளைக்கும் முன்பே அப்பா போய்விட்டார். கால் விரல் கறுத்து, அது மேலே ஏறிச் செத்தார். ஏதோ பூச்சி கடித்தது என்றார்கள். அண்ணன் அம்மாவையும் என்னையும் கிருஷ்ணகிரிப் பக்கம் கூட்டிவந்தார். மாந்தோப்புகளைப் பூவிலேயே குத்தகை பிடித்தார். தோப்புக்குத் தோப்பு நடந்தே போவார். அவர் பேச்சை நம்பி மைசூர் ராஜ்யத்திலிருந்து லாரி வரும். பேச்சு மாற மாட்டார்.

கையில் காசு தேறியபின் மாட்டு வண்டி கட்டினார். நடை நின்றது. உடம்பு பெருத்தது. "மொதலாளி இப்பதான் மொதலாளி மாதிரி இருக்கறாரு" என்றார்கள். அவரும் சிரித்துக்கொண்டார்.

பிறகு தாகம் வந்தது. ஒரு சொம்பு குடித்துவிட்டு அடுத்த சொம்பு கேட்பார். அவர் ஒதுங்கிய இடத்தில் எறும்பு மொய்த்தது. அண்ணி பார்த்துவிட்டுச் சொன்னார்கள். "வெயில்ல அலையறன், சூடு" என்று மோர் குடித்தார். கண்ணும் கொஞ்சம் மங்கியது. வயசு என்றார்.

கல்லாவித் தீமிதியில் கரகத்துக்குப் பின்னால் எங்கள் வீட்டு மூத்தவர்தான் முதலில் இறங்க வேண்டும். அண்ணன் ஒரு வருஷமும் தவறியதில்லை. குறுக்கே ஓடி, அந்தப் பக்கம் பால் ஊற்றிய குழியில் காலை வைத்து "ஸ்ஸ், ஆத்தா" என்பார். நாங்கள் சிரிப்போம்.

போன வருஷம் அவர் ஓடவில்லை. நெருப்பில் மெல்ல நடந்தார். பால் குழியைத் தாண்டியும் நடந்தார்.

"பால்ல கால வெய்யிங்க" என்றார் பூசாரி.

"எதுக்கு? சுடவே இல்லியே."

கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. பெண்கள் அவர் கால் பட்ட மண்ணை எடுத்து நெற்றியில் வைத்தார்கள். அண்ணி மட்டும் கும்பிடவில்லை. திரும்பும் வழியில், வண்டியிலேயே அவர் காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தார்கள். உள்ளங்காலில் கங்கு ஒட்டி, தோல் வழன்று, சதை தெரிந்தது.

"ஏங்க, இது வலிக்கலியா?"

"எது?" என்றார் அண்ணன்.

மஞ்சள் பற்றுப் போட்டோம். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் வரவில்லை. "ஆத்தா காத்த கால டாக்டர்கிட்ட காட்டுனா, ஊரு என்னா நெனைக்கும்?" என்றார். பெரியவர்களும் அதையே சொன்னார்கள். மாங்காய் இறங்கும் சமயம் வேறு. காலில் துணி சுற்றிக்கொண்டு தோப்புக்குப் போனார். வலி இல்லாததால் புண் ஆறுகிறது என்று நினைத்தார். துணியில் நாற்றம் வந்தது. விரல் கறுத்தது. அப்பா விரல் எனக்கு ஞாபகம் வந்தது. ஒருநாள் காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்தார். அவரைக் கேட்காமல் வண்டியில் தூக்கிப் போட்டுக் கிருஷ்ணகிரி கொண்டுபோனேன்.

டாக்டர் அவர் சிறுநீரை ஒரு நீல மருந்தில் விட்டுக் கொதிக்க வைத்தார். செங்கல் நிறமாக மாறியது.

"உங்கப்பா எதுல போனாரு?"

சொன்னேன்.

"பூச்சியா இருக்காதுப்பா. அவருக்கும் இந்தச் சர்க்கரை வியாதிதான் இருந்திருக்கும். கால் மரத்துப்போனா நெருப்பும் தெரியாது, முள்ளும் தெரியாது. முழங்காலுக்குக் கீழ எடுக்கணும், இன்னிக்கே. தள்ளிப்போட்டா ஆள் தங்க மாட்டாரு."

அண்ணன் என்னைப் பார்த்தார். "கால் இல்லாம தீக்குழியில யார்றா எறங்கறது?"

"யாரோ எறங்கட்டும். நீங்க ஒண்ணும் செய்யாம சும்மா உக்காந்திருந்தாகூட போதும் எனக்கு" என்றார்கள் அண்ணி.

அண்ணன் அந்தக் காலைத் தடவிப் பார்த்தார். பிறகு, "சரி எடுக்கச் சொல்லு. ஒத்தச் செருப்பு உனக்கு மிச்சம்டா" என்றார்.

எடுத்தார்கள். விஷம் அதற்கு முன்பே மேலே ஏறிவிட்டது. ஊசி போட்டுப் பார்த்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. அந்த வாரம் தாண்டவில்லை. கடைசியில் கண்ணும் தெரியவில்லை. "தம்பி வந்துட்டானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அன்றைக்கு வண்டிக்கே ஓடி வந்து பார்த்த டாக்டருக்கும், அவரைத் தூக்கிய தோப்புக்காரர்களுக்கும் நன்றி. பெங்களூரிலிருந்து இன்சுலின் மருந்தை ஈரத்துணியில் சுற்றி எடுத்துவந்த லாரிக்காரருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர்கள் இதை அவருக்குச் சொல்லுங்கள்.

காரியம் முடிந்தபின் டாக்டர் என்னையும் பார்த்தார். என் சிறுநீருக்கும் அந்த நீல மருந்து நிறம் மாறியது. இப்போது தினமும் நடக்கிறேன். செருப்பில்லாமல் வாசல் தாண்டுவதில்லை. அண்ணி என் உள்ளங்காலை விளக்கு வைத்துப் பார்க்கிறார்கள்.

இனி வீட்டுக்கு மூத்தவன் நான். அடுத்த தீமிதிக்குப் பெரியவர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். வருவேன், இறங்க மாட்டேன். பால் குழியின் ஓரத்தில் நிற்பேன். சுடுகிறது என்று கத்துகிறவர் வீட்டுக்குப் போகலாம். சுடவில்லை என்கிறவரை நான் கும்பிட மாட்டேன். வண்டி கட்டி வைத்திருப்பேன். கிருஷ்ணகிரிக்கு ஏற்றிப் போவேன்.