கவுன்சிலர் வரும்போது மட்டும் பாட்டு நிற்கும்

எங்கள் ஊரில் முன்பு கேபிள் டிவி நடத்தியவர், பரணில் கிடந்த கேசட்டுகளையெல்லாம் மாற்றி யூடியூபில் போட ஆரம்பித்தார். கள்ளக்குறிச்சியின் வரலாறு என்று தலைப்பும் வைத்தார். வரலாறு பெரும்பாலும் பொன்னாடையாக இருந்தது. இவர் அவருக்குப் போர்த்துவார், அவர் அதையே எடுத்து இன்னொருவருக்குப் போர்த்துவார். நடுநடுவே காணும் பொங்கல் விழா: உறியடி, கோலப்போட்டி, கல்வராயன் மலையிலிருந்து வேனில் கூட்டிவந்த ஆட்டக்காரர்கள் மேடைக்குப் பக்கத்தில் காத்திருப்பது. அவர்கள் ஆடியது கேசட்டில் இல்லை. அதற்குள் தலைவர்கள் வந்துவிட்டார்கள்.

நான் அதில் தேடியது அப்பாவின் குரலை. அப்பா மைக் செட் கடையில் அறிவிப்பாளராக இருந்தார். ஆட்டோவில் ஏறினால் நைனார்பாளையம் வரைக்கும் பேசிக்கொண்டே போவார். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கட்சிக் கூட்டம், காணாமல் போன எருமை, எல்லாவற்றுக்கும் ஒரே உற்சாகம்தான். ஊருக்கே கேட்ட குரல், அவர் போன பிறகு வீட்டில் ஒரு துளி மிச்சமில்லை. சட்டை இருக்கிறது, போட்டோ இருக்கிறது. செல்போன் வந்த பிறகும் அந்தக் குரலைப் பதிவுபண்ண வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

“கொரலு மறந்துகினே போவுதுடி,” என்றாள் அம்மா ஒருநாள், கீரை ஆய்ந்துகொண்டே. “மூஞ்சி வருது. பேசறதுதான் வர மாட்டேங்குது.” அதைக் கேட்டு எனக்குப் பயமாக இருந்தது. எனக்கும் வரவில்லை.

வீடியோவில் அப்பா கிடைத்தார். காணும் பொங்கல் மேடையில், கையில் மைக்கோடு, கழுத்து நரம்பு புடைக்கப் பேசிக்கொண்டிருந்தார். கேட்டது சினிமாப் பாட்டு. அடுத்த கேசட்டிலும் அப்பா வாயசைத்தார், வேறு பாட்டு ஓடியது. கேபிள்காரருக்குப் போன் போட்டேன்.

“அப்பல்லாம் பாட்டு போடலன்னா எவன்மா பாப்பான்?” என்றார். “கூட்டத்து எரைச்சல அழிச்சிட்டு மேல பாட்டு ஏத்திடுவோம். முக்கியஸ்தர் வர எடத்துல மட்டும் நிறுத்துவோம். இல்லன்னா சண்டைக்கு வந்துடுவாங்க.”

அப்படியானால் முக்கியஸ்தர் வருகிற இடத்தைத்தான் பார்க்க வேண்டும். பார்த்தேன். கிடைத்த இடம் எங்கள் வார்டு கவுன்சிலர் மேடையேறும் இடம்.

அந்தக் கவுன்சிலரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தேர்தலில் அப்பா அவருடைய எதிராளிக்கு ஆட்டோவில் அறிவிப்புச் செய்தார். தொழில், வேறொன்றுமில்லை. ஆனால் ஜெயித்தவர் இவர். தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் போட்டபோது அது எங்களுக்கு முந்தின வீட்டோடு நின்றுவிட்டது. பிறகு வெகுகாலம் அம்மா அடுத்த தெருவிலிருந்து குடத்தில் தூக்கினாள். அந்த ஆள் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. தெருவில் அவர் வந்தால் அம்மா கதவைச் சாத்துவாள், சத்தம் கேட்கும்படி.

அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைக்கும் முன்பே அந்த இடம் ஓட ஆரம்பித்தது. பாட்டு நின்றது. அப்பா பேசினார்.

“ஏழைகளின் விடிவெள்ளி, நம் வார்டின் தாகம் தீர்த்த தங்கம், அண்ணன் கவுன்சிலர் அவர்கள் இதோ வருகிறார், வழி விடுங்கள், வழி விடுங்கள்...”

அம்மா கீழே உட்கார்ந்துவிட்டாள். பிறகு, “தாகம் தீத்தாராமா? இந்த மனுசனுக்கு வாய் கூசல பாரு,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இன்னொரு வாட்டி போடு.”

நான்கைந்து நாள் கேட்ட பிறகு, அதிலிருந்து அந்த ஆளை மட்டும் வெட்டிவிட்டுத் தரச் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பெண் போனில் வெட்டிக் கொடுத்தாள். விடிவெள்ளி போனது, தங்கம் போனது, அண்ணன் போனார். மிச்சம், “வழி விடுங்கள், வழி விடுங்கள்.” அம்மா அதை ஒருமுறை கேட்டாள்.

“வேணாம்டி. அவனையும் சேத்தே போடு. இல்லன்னா இவரு ஜாஸ்தி பேச மாட்டேங்கறாரு.”

அதிலிருந்து தினமும் காலையில் எங்கள் வீட்டில் கவுன்சிலர் மேடையேறினார்.

மறுபடியும் தேர்தல் வந்தது. கவுன்சிலருக்கு வயதாகிவிட்டது, மகனை நிறுத்தியிருந்தார். ஓட்டுக் கேட்டு அவரே கூட்டத்தோடு எங்கள் தெருவில் நுழைந்தபோது அம்மா அந்தப் பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் வந்து நின்றவர், உள்ளேயிருந்து தன்னை யாரோ தங்கம் என்பதைக் கேட்டார். பின்னால் வந்தவர்களைக் கையமர்த்தினார். குரல் அடையாளம் தெரிந்துவிட்டது போலிருந்தது. கூப்பிய கையை எடுக்கவே இல்லை.

அம்மா எழுந்து போனாள். கதவைச் சாத்தப் போகிறாள் என்று நினைத்தேன்.

“ஓட்டெல்லாம் கெடையாதுங்க,” என்றாள். “ஒங்களப் பத்திப் பேசறப்பதான் எங்க வூட்டுக்காரரு கொரலு கேக்குது. உள்ள வந்து காபி குடிச்சிட்டுப் போங்க.”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அவர் குடித்து முடிக்கும்வரை அப்பா திரும்பத் திரும்ப வழி விடச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அந்த ஆளுக்கு முன்னாலேயே அழுதாள்.