கோயில் திடலில் கொட்டிய கல்

பார்த்ததையும் செய்ததையும் மறைக்காமல் எழுதுகிறேன். காதர் அங்கிளை அறிந்த எங்கள் நியாலாஸ் தோட்டத்தார் இதைப் படிப்பீர்கள் என்பதால் எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

சென்ற செவ்வாய்க்கிழமை அப்பா கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "ஹெலிகாப்டர் பாய் தவறிட்டாராம்லா. ஹார்ட் அட்டாக்," என்றார். காதர் அங்கிளைத் தோட்டத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அம்மா அடுப்பை அணைத்தார். நான் வரலாற்றுப் புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கோட்டை முடித்த பிறகுதான் நிமிர்ந்தேன்.

மஸ்ஜித் தானா பட்டணத்தில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம் அவருடையது. கடையில் உட்காராமல், வானிலிருந்து நிலத்தை அளக்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தார். மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் இயற்கையாகவே வரும் கதிர்களை ஹெலிகாப்டரிலுள்ள ஒரு பெட்டி எண்ணும். அந்தக் கருவியைக் கவனிப்பது அவர் வேலை. வானமும் காற்றும் ஹெலிகாப்டரும்கூடத் தம் பங்குக்குக் கொஞ்சம் கதிரைத் தரும். அது எவ்வளவு என்று தெரிய அவர் கடலுக்கு மேல் பறப்பார். அங்கே அடியிலுள்ள மண்ணின் கதிரைத் தண்ணீர் மறைத்துவிடும். "காட்டுறதெல்லாம் மண்ணோடது இல்ல பிள்ளை. நம்மளோடதக் கழிச்சாத்தான் மண்ணு என்னா சொல்லுதுன்னு கேக்கும்," என்பார்.

சாலையோரத்தில் அம்மா போட்டிருந்த ஒட்டுக்கடையில்தான் தேநீர் குடிப்பார். ஒருநாள் லோரி ஓட்டும் முனியாண்டி மாமா, "ஏன் பாய், கடல் மேல போயி ஒண்ணுமில்லாதத அளக்குறதுக்கா சம்பளம்?" என்று சீண்டினார்.

"ஒண்ணுமில்லாதத அளக்கத் தெரியாமத்தானே அண்ணே நீங்க வாரா வாரம் லாட்டரி நம்பர் எடுக்குறீங்க," என்றார் அங்கிள். கடையே சிரித்தது.

தினமும் காலையில் வேலை தொடங்குமுன், செம்பனைக் காட்டிலிருந்து கோயில் திடல் வழியாக ஆறுவரை ஒரே கோட்டில் தாழப் பறப்பார்கள். மண் மாறாது, ஆகவே எண்ணும் மாறக்கூடாது. மாறினால் கருவி சரியில்லை என்று பொருள். மழையில் மண் ஊறியிருந்தால் சற்றுக் குறையும், அதையும் எழுதி வைப்பார்.

கோயில் திருவிழாவுக்கு முந்தைய வாரம் திடலுக்கு மேல் எண் ஏறியது. கடலுக்கு மேல் பறந்து பார்த்தார். அங்கே எதுவும் மாறவில்லை. அப்படியானால் கருவியில் பிழையில்லை, நிலம்தான் மாறியிருக்கிறது என்று அலுவலகத்துக்கு எழுதினார். நிலம் எப்படி ஒரு வாரத்தில் மாறும் என்று அங்கே கேட்டார்களாம்.

மாறித்தான் இருந்தது. கார்கள் சேற்றில் புதையாமலிருக்க, திடல் முழுக்கக் கருங்கல் சல்லியைக் கொட்டிப் பரப்பியிருந்தோம். எங்கள் மண்ணைவிட அந்தக் கல்லில் கதிர் அதிகம். அப்பாதான் கோயில் கமிட்டிச் செயலாளர். கல் வந்ததும் அவர் லோரியில்தான். தோட்ட மேனேஜரிடம் அனுமதி கேட்கவில்லை. கோயில் நிற்பது தோட்டத்து நிலம். ஹெலிகாப்டர் தாழப் பறப்பதே கோயிலையும் நம்மையும் அந்த நிலத்தைவிட்டுக் கிளப்புவதற்குத்தான் என்று பாதிப் பேர் நம்பினார்கள்.

அங்கிள் கடைக்கு வந்து எல்லாரிடமும் கேட்டார். "திடல்ல புதுசா ஏதும் கொட்டுனீங்களா? என்னைக்குன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

"அது ரொம்ப நாளா அப்படித்தான் கெடக்கு பாய்," என்றார் முனியாண்டி மாமா.

அங்கிள் என் பக்கம் திரும்பினார். "நீ எல்லாத்தையும் நோட்டுல எழுதுற பிள்ளையாச்சே. நீ சொல்லு."

அப்பா கண்ணாடிக் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல் வந்த நாள் என் நோட்டில் இருந்தது.

"புதுசா ஒண்ணும் கொட்டல அங்கிள்," என்றேன்.

நிலம் மாறியதற்குச் சான்று இல்லாததால், அந்த மாதம் பறந்து எடுத்த அளவுகளையெல்லாம் நிறுவனம் ஒதுக்கிவிட்டது. கருவியைக் கவனிக்கவில்லை என்று அறிக்கையில் அவர் பெயரைப் போட்டு, வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனபோது அவரை அவர் அண்ணன் கடையில் பார்த்தேன். உண்மையைச் சொன்னேன். பாவாடைத் துணியை அளந்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை. "தெரியும் பிள்ளை. உங்கப்பா லோரி டயர்லயே கல்லு ஒட்டியிருந்துச்சு."

"இப்ப நான் எழுதித் தரவா அங்கிள்?"

"நீ சின்னப் பிள்ளை. கமிட்டி எழுதணும். எழுத மாட்டாங்க." அளந்த துணியைப் பிரித்து மறுபடியும் அளந்த பிறகுதான் வெட்டினார்.

இறுதிச் சடங்கில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு பேர மட்டும் சரி பண்ணச் சொல்லுங்கம்மா," என்றார்.

நேற்று மாலை தோட்ட மண்டபத்தில் அவருக்காகக் கூடினோம். நல்ல மனிதர் என்று ஆறு பேர் பேசினார்கள். கடைசியாக நான், கல் கொட்டிய தேதியுடன் எழுதிய கடிதத்தை மேசையில் வைத்துக் கமிட்டியாரைக் கையெழுத்துப் போடக் கேட்டேன்.

"போன மனுசனுக்கு இனி என்னாத்துக்கும்மா? கோயில் போயிடும்லா," என்றார் தலைவர். ஒவ்வொருவராக எழுந்து செருப்பைத் தேடினார்கள்.

காதர் அங்கிளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, அவர் என்னை நம்பிக் கேட்ட அந்த ஒரு கேள்வி. அதற்கு நான் சொன்ன பதிலும் கூடவே இருக்கிறது. கடிதத்தில் என் கையெழுத்து மட்டும் இருந்தது. அதை மடிப்பதற்குள், வாசலருகே நின்ற அப்பா மண்டப விளக்குகளை அணைத்துவிட்டார்.